வேட்புமனுவில் 25 வீதம், ஆசனத்தில்? கொழும்பு மாநகர சபைக்கான இளைஞர் வழி: ஒரு மதிப்பீடு

கொழும்பில் வாழும் 35 வயதுக்குட்பட்ட ஒருவர் அரசியலுக்குள் நுழைவதற்கு மிகக் கிட்டிய கதவு உள்ளூராட்சித் தேர்தலின் இளைஞர் ஒதுக்கீடு. ஒரு கட்சியோ சுயேச்சைக் குழுவோ தாக்கல் செய்யும் வேட்பாளர் பட்டியலில் 25 வீதத்துக்குக் குறையாமல் 18 முதல் 35 வயது வரையானவர்கள் இருக்க வேண்டும். 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலில் இது நடைமுறைக்கு வந்தது. அடுத்த தேர்தலில் இந்த வழியைப் பயன்படுத்த நினைக்கும் கொழும்புத் தமிழ் இளைஞருக்காக, அரசு தரும் ஏனைய சேவைகளை மதிப்பிடுவதுபோல இதையும் மதிப்பிட்டிருக்கிறோம். என்ன கிடைக்கிறது, என்ன செலவாகும், எங்கே சறுக்கும், யாருக்குப் பொருந்தும் என்பவைதான் கேள்விகள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வழி நல்லது, பயன்படுத்த வேண்டியது. ஆனால் அது உங்களைப் பட்டியல் வரைதான் கொண்டுபோகும். அங்கிருந்து சபைக்குள் போவது நீங்கள் எந்தப் பட்டியலில், எந்த வட்டாரத்தில், என்ன உடன்பாட்டோடு நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பட்டியலில் பெயர் வந்ததும் மாலை போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இதைத்தான் பிறகு கசப்போடு தெரிந்துகொள்கிறார்கள்.

கையில் கிடைப்பது என்ன

கலப்பு முறைத் தேர்தலில் இரண்டு வேட்பாளர் பட்டியல்கள் உண்டு. முதலாவது, வட்டாரங்களில் நேரடியாகப் போட்டியிடுபவர்களுடையது. ஆசனங்களில் 60 வீதம் இப்படி வட்டாரத்திலிருந்து வருகிறது. இரண்டாவது மேலதிகப் பட்டியல். விகிதாசாரப்படி கட்சிக்குக் கிடைக்கும் மிச்ச ஆசனங்களுக்கு அதிலிருந்தும் ஆட்களை எடுக்கலாம். கொழும்பு மாநகரம் 47 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. சில வட்டாரங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைத் தெரிவு செய்பவை. 2025 தேர்தலுக்குப் பிறகு சபையில் மொத்தம் 117 உறுப்பினர்கள்.

பெண்களுக்கான ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டால்தான் இளைஞர் ஒதுக்கீட்டின் குறை விளங்கும். பெண்களுக்கு முதலாம் பட்டியலில் 10 வீதம், மேலதிகப் பட்டியலில் 50 வீதம் என்று இடம் கொடுத்ததோடு சட்டம் நிற்கவில்லை. சபையில் அமர்பவர்களில் 25 வீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்று ஆசனத்தையும் குறித்துச் சொல்கிறது. அதனால் விகிதாசார ஆசனத்துக்கு ஆள் குறிக்கும்போது கட்சிச் செயலாளர் பெண்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இளைஞர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வேட்புமனு ஏற்றுக்கொள்ளப்பட்ட கணத்தோடு சட்டம் உங்கள் கையை விட்டுவிடுகிறது. 35 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கு இரண்டு ஒதுக்கீடுகளும் சேர்ந்து பலம் தருகின்றன. இந்த வழியால் அதிகம் பயனடையக்கூடியவர் அவர்தான். வீட்டிலுள்ளவர்கள் பெண்பிள்ளையைத் தடுக்கும்போது இந்தக் கணக்கையே எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்காது. கட்சியின் பெயரும் சின்னமும், அல்லது சுயேச்சைக் குழுவின் இலக்கமும் சின்னமும் மட்டுமே இருக்கும். வாக்காளர் இடுவது ஒரே புள்ளடி. அது உங்கள் வட்டாரத்துக்கும் கட்சியின் மொத்தக் கணக்குக்கும் சேர்ந்து போகும். விருப்பு வாக்கு என்ற பேச்சே இதில் இல்லை. நாடாளுமன்றத் தேர்தலைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் தங்கள் இலக்கத்தைப் போஸ்டரில் பெரிதாகப் போட நினைப்பார்கள். இங்கே போட இலக்கமே கிடையாது. "எனக்கு வாக்களியுங்கள்" என்று வீடுவீடாகப் போகிறவர் தன் முகத்தையும் சின்னத்தையும் மக்கள் மனதில் ஒன்றாகப் பதிய வைக்க வேண்டும். வட்டாரத்தில் ஆளைத் தெரிந்திருந்தும் சின்னம் தெரியாமல் மாறிக் குத்தும் வீடுகள் ஏராளம்.

முதல் தடை: இடாப்பு

வயதும் ஆர்வமும் இருந்தும் முதல் படியிலேயே பலர் விழுவது இங்கேதான். ஒரு உள்ளூராட்சி மன்றத்துக்குப் போட்டியிட அந்த மன்றத்தின் எல்லைக்குள் வதிபவராக, அங்குள்ள வாக்காளர் இடாப்பில் பெயருள்ளவராக இருக்க வேண்டும். வெள்ளவத்தையில் அறை எடுத்து வேலைக்குப் போகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், கொட்டாஞ்சேனையில் கடையில் நிற்கும் பதுளைப் பிள்ளையும் பெரும்பாலும் ஊர் இடாப்பிலேயே இருக்கிறார்கள். பத்து வருடம் கொழும்பில் வாழ்ந்தாலும் கொழும்பு மாநகர சபைக்கு அவர்கள் வேட்பாளர் ஆக முடியாது.

எல்லையையும் கவனியுங்கள். வெள்ளவத்தையைத் தாண்டித் தெற்கே போனால் தெஹிவளை – கல்கிசை மாநகர சபை. களனி ஆற்றைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம். வத்தளையிலும் ஹெந்தளையிலும் இருப்பவர்களுக்கு வேறு சபைகள். பேச்சில் எல்லாமே "கொழும்பு"தான். தெரிவத்தாட்சி அலுவலருக்கு அப்படியில்லை.

திருத்த வழி இருக்கிறது. ஆண்டுதோறும் பெப்ரவரி 1ஆம் திகதியை வைத்து இடாப்பு திருத்தப்படுகிறது. கிராம உத்தியோகத்தர் மூலம் விபரம் சேகரிப்பார்கள். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் தமிழிலேயே உங்கள் பதிவைப் பார்க்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு வரும் சிக்கல் வீட்டுக்காரர். குடியிருப்பவர்களின் பெயரைத் தன் வீட்டு விலாசத்தில் சேர்த்தால் நாளைக்கு உரிமை கேட்பார்களோ என்று பயந்து விட்டுவிடுகிறார். இடாப்பில் பெயர் இருப்பதால் மட்டும் வீட்டின் மேல் உரிமை வந்துவிடாது என்பதை அமைதியாக விளங்கப்படுத்துங்கள். கேட்கவில்லையென்றால் கிராம உத்தியோகத்தரிடம் நேரே போய்ப் பதிய வேண்டியது உங்கள் பொறுப்பு. நீக்கப்படப் போகும் பெயர்கள் 'ஏ' பட்டியலிலும் புதிதாகச் சேர்க்கப்படப் போகும் பெயர்கள் 'பி' பட்டியலிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அந்த நாட்களில் போய் உங்கள் பெயரைப் பார்க்க வேண்டும். தவறவிட்டால் கிட்டத்தட்ட ஒரு வருடம் போய்விடும். புதிதாக 18 வயதானவர்களுக்கு மட்டும் சட்டம் கொஞ்சம் தாராளம் காட்டுகிறது. 2021இல் வந்த திருத்தத்தால் ஆண்டின் இடையிலும் துணை இடாப்பில் சேர முடிகிறது.

கட்சி வழியா, சுயேச்சையா

கட்டுப்பணத்தைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒரு வேட்பாளருக்கு 1,500 ரூபாய் கட்டுகிறது. சுயேச்சைக் குழு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். சுயேச்சையாகத் தனி ஆளாகப் போட்டியிட முடியாது. சபை முழுவதற்குமான பட்டியல் வேண்டும். கொழும்பு போன்ற பெரிய சபைக்கு அது நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள். பணம் பல லட்சம் போகும். அதைவிடக் கடினம் நூறு பேரின் ஒப்பமும் ஆவணமும். அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

எவ்வளவு வாக்குக்கு ஒரு ஆசனம் என்பதற்குக் கையில் கணக்கு இருக்கிறது. 2025இல் ஐக்கிய மக்கள் சக்தி 58,375 வாக்குகளுக்கு 29 ஆசனங்களும், ஐக்கிய தேசியக் கட்சி 26,297 வாக்குகளுக்கு 13 ஆசனங்களும் பெற்றன. ஆசனமொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாக்கு. நகரம் முழுவதும் சிதறிக் கிடக்கும் 2,000 வாக்கைச் சேர்க்க முடிந்த குழு, ஒரு வட்டாரத்தையும் வெல்லாமலே சபைக்குள் ஒருவரை அனுப்ப முடியும். ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடை, புளூமெண்டல், முகத்துவாரம், மட்டக்குளி, கிராண்ட்பாஸ் ஒரு பக்கம்; வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, பம்பலப்பிட்டி மறுபக்கம் என்று பரந்திருக்கும் தமிழ் பேசும் வாக்காளருக்கு இந்தக் கணக்கு மிகவும் சாதகம். எந்த வட்டாரத்திலும் பெரும்பான்மை இல்லை என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. 2025இல் சுயேச்சைக் குழுக்களும் கொழும்பில் ஆசனம் எடுத்தன.

அப்படிக் கிடைக்கும் ஒரு ஆசனத்தின் பெறுமதியையும் குறைத்து எண்ண வேண்டாம். 2025இல் அதிக ஆசனம் எடுத்த தேசிய மக்கள் சக்திக்கு 48தான். பெரும்பான்மைக்கு 59 வேண்டும். முதல்வர் தெரிவு 61க்கு 54 என்று முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் முதல் வாக்கெடுப்பில் தோற்று, ஆண்டு முடியுமுன் மறுபடி வைக்கப்பட்டு நிறைவேறியது. இப்படியான சபையில் ஓரிரு உறுப்பினர் உள்ள குழுவின் வீட்டு வாசலுக்குப் பெரிய கட்சிகள் வந்து நிற்கும். உங்கள் வட்டாரத்து வடிகானைப் பேசி முடிக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பணமும் ஆளும் இல்லாதவர் கட்சி வழியாகத்தான் போக வேண்டும். போகலாம், தவறில்லை. பெயர் கொடுக்க முன்பு கேட்டுத் தெளிய வேண்டியவை சில. நான் வட்டாரத்திலா, மேலதிகப் பட்டியலிலா? எந்த வட்டாரம்? கட்டுப்பணம், துண்டுப்பிரசுரம், வாக்குச்சாவடி முகவர் சாப்பாடு, இதெல்லாம் யார் செலவு? விகிதாசார ஆசனம் கிடைத்தால் யாருக்கு என்று எப்போது, யார் முடிவெடுப்பது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். தேர்தல் முடிந்த பிறகு விகிதாசார ஆசனங்களுக்கு ஆட்களைக் குறிப்பது கட்சிச் செயலாளர். சுயேச்சைக் குழுவென்றால் குழுத் தலைவர். மேலதிகப் பட்டியலில் முதல் பெயராக இருந்தாலும் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. வட்டாரத்தில் தோற்றவரைக்கூட அவர் தெரிவு செய்யலாம். வாய்வார்த்தையாகச் சொன்னதைத் தேர்தலுக்குப் பிறகு நினைவுபடுத்தினால், "அப்போது நிலைமை வேறு" என்று பதில் வரும். மாவட்ட அமைப்பாளரின் கையொப்பத்தோடு ஒரு பக்கக் கடிதமாவது வாங்கி வையுங்கள். நீதிமன்றத்தில் அது செல்லுமா என்பது வேறு விடயம். கட்சிக்குள் பேசும்போது அந்தக் கடிதம் உங்கள் பக்கம் நிற்கும்.

ஒரு ஆசனத்தை இரண்டு மூன்று பேர் ஆளுக்கொரு வருடம் பங்கிடும் வழக்கம் நம் அரசியலில் இருக்கிறது. அதற்காகத் திகதி போடாத விலகல் கடிதத்தில் ஒப்பம் கேட்டால் கொடுக்காதீர்கள். அதில் ஒப்பமிட்ட நாளிலிருந்து உங்கள் வாய் உங்களுடையதாக இராது. கட்சி உறுப்புரிமை போனால் சபை ஆசனமும் போய்விடும் என்பது ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கயிறு தேவையில்லை.

ஆவணங்கள்: சறுக்கும் இடம்

2025 மார்ச்சில் நாடளாவிய ரீதியில் நானூறுக்கும் மேற்பட்ட வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டன. காரணங்களில் பல அரசியலோடு சம்பந்தப்பட்டவை அல்ல. வெறும் தாள் பிழைகள். இளைஞர் ஒதுக்கீடு நேரடியாகச் சம்பந்தப்படும் பிழை பிறப்புச் சான்றிதழ். இளைஞராகக் காட்டப்படும் ஒவ்வொருவரின் வயதையும் நிரூபிக்க, அத்தாட்சிப்படுத்திய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோ வயதை உறுதிசெய்யும் சத்தியக் கடதாசியோ வேட்புமனுவோடு இணைக்க வேண்டும். சமாதான நீதவான் அத்தாட்சிப்படுத்திய போட்டோ கொப்பி போதுமா என்ற கேள்வி அந்தத் தேர்தலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற உத்தரவால் மீண்ட பட்டியல்களும் உண்டு. ஆனால் அதற்குள் பிரசார நாட்கள் கரைந்துவிட்டன. அந்தச் சட்டப் போராட்டத்தில் உங்கள் பெயர் சிக்காமலிருக்க வழி எளிது: பதிவாளர் அலுவலகம் வழங்கிய அசல் பிரதி. கணினியில் ஏற்றப்பட்ட பதிவென்றால், நீங்கள் பிறந்தது கிளிநொச்சியாக இருந்தாலும் நுவரெலியாவாக இருந்தாலும் கொழும்பிலுள்ள பிரதேச செயலகத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பிரதிகளாக எடுங்கள். ஒன்று கட்சிக்கு, ஒன்று உங்கள் பைலுக்கு. அதோடு சத்தியக் கடதாசி ஒன்றையும் முடித்து வைத்திருந்தால் எந்தக் கேள்விக்கும் பதில் கையிலிருக்கும்.

எடுத்த பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனித் தலையிடி இருக்கிறது. சான்றிதழில் தந்தை பெயர் ஒரு மாதிரி, தேசிய அடையாள அட்டையில் முதலெழுத்து மட்டும், இடாப்பில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றப்பட்டதால் ழகரம் லகரமாகி, 'தி' 'டி' ஆகி இன்னொரு மாதிரி. தோட்டப் பகுதிகளில் பிறந்தவர்களின் சான்றிதழில் பெயர்க் கட்டத்தில் பிழையிருப்பதும், பிறந்த திகதியும் பதிந்த திகதியும் குழம்பிக் கிடப்பதும் உண்டு. இவற்றைத் திருத்தப் பதிவாளர் பக்கம் அலைய மாதங்கள் வேண்டும். வேட்புமனுக் காலம் சில நாட்கள்தான். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் முடியாது. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சொல்லும் சத்தியக் கடதாசி தற்காலிகத் தீர்வு. பிறப்புப் பதிவைத் திருத்தி எடுப்பதுதான் நிலையான தீர்வு.

பிறகு சத்தியப்பிரமாணம். ஒவ்வொரு வேட்பாளரும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள சத்தியத்தை அல்லது உறுதியுரையைச் செய்து ஒப்பமிட வேண்டும். தனி நாட்டுக்கு ஆதரவளிக்க மாட்டேன் என்ற, 1983இல் ஆறாம் திருத்தத்தோடு வந்த வாசகம் அது. வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள். கட்சி அலுவலகத்தில் இருபது பேரை வரிசையாக இருத்தி ஒப்பம் வாங்கும் அவசரத்தில் ஒருவரின் ஒப்பம் விடுபடுவதும், சமாதான நீதவானின் முத்திரை ஒரு தாளில் விழாமல் போவதும் நடக்கிற கதைதான். ஒப்பம், திகதி, முத்திரை மூன்றும் உங்கள் தாளில் இருக்கிறதா என்று பார்த்து, போனில் படம் எடுத்த பிறகு எழும்புங்கள்.

வேட்புமனுவைக் கையளிக்க முடிவது கட்சிச் செயலாளருக்கு அல்லது அதிகாரமளிக்கப்பட்ட முகவருக்கு மட்டும். சுயேச்சையென்றால் குழுத் தலைவருக்கு. கடைசி நாள் நண்பகல் 12 மணியோடு கதவு மூடும். ஆட்சேபம் தெரிவிக்க பிற்பகல் 1.30 வரை நேரம். எல்லோரும் நல்ல நேரம் பார்த்துக் கடைசி நாளே வருவதால், பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் திருத்தி வர அவகாசம் இருப்பதில்லை. கடைசி நாளுக்கு முதல் நாள் கொடுக்கும்படி கட்சியை வற்புறுத்த உங்களுக்கு உரிமை இருக்கிறது. பட்டியல் நிராகரிக்கப்பட்டால் போவது உங்கள் நான்கு வருடம்.

சபை எதைச் செய்யும், எதைச் செய்யாது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது வாக்குறுதியில். குப்பை, தெருவிளக்கு, சிறிய வீதிகள், வடிகான், கழிவுநீர்க் குழாய்த் தொகுதி, மாநகர மருந்தகங்கள், சந்தைகள், நூலகங்கள், சோலைவரி ஆகியவை மாநகர சபையின் கையில். குழாய்த் தண்ணீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. காலி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற பிரதான கால்வாய்களைக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம் பார்க்கிறது. அரசு கட்டிய பல தொடர்மாடிகளின் பராமரிப்பு நகர அபிவிருத்தி அதிகார சபை, வீடமைப்பு அதிகார சபை என்று பிரிந்து கிடக்கிறது. மட்டக்குளித் தொடர்மாடியில் "லிப்ட் திருத்தித் தருவேன்" என்று சொல்லும் வேட்பாளர் தன்னால் முடியாததைச் சொல்கிறார். அங்குள்ள அம்மாக்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். எந்தப் பிரச்சினைக்கு எந்த அலுவலகம் என்று சொல்லி, கடிதம் எழுதிக்கொடுத்து, பதில் வரும்வரை பின்தொடரும் இளைஞருக்குத்தான் வாக்கு சேரும்.

அதற்கான மிகச் சிறந்த கருவி, இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெறும் ஒரே சேவை, தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். மாநகர சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு. அதுவும் சரிவரவில்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. போட்டோ கொப்பியென்றால் முதல் நான்கு பக்கம் இலவசம், பிறகு ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்.

கேட்கும் விதத்தில்தான் பதில் இருக்கிறது. "எங்கள் பகுதியில் ஏன் வெள்ளம் வருகிறது?" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது, அது கேள்வி, தகவல் கோரிக்கை ஆகாது. இப்படி எழுதுங்கள்: குறித்த வட்டாரத்தில், குறித்த ஆண்டில், வடிகான் துப்புரவுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை, வேலை நடந்த திகதிகள், ஒப்பந்தக்காரருக்கான கொடுப்பனவு வவுச்சரின் பிரதி. ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும். பல பிரிவுகளுக்குரிய விடயங்களை ஒன்றாகக் கலந்தால் கடிதம் மேசை மேசையாகச் சுற்றும். தேர்தலுக்கு இரண்டு வருடம் முன்பே தொடங்கி, காலாண்டுக்கொரு கோரிக்கையாகப் போட்டு வந்தால், உங்கள் வட்டாரத்தைப் பற்றி நடப்பு உறுப்பினரைவிட உங்களுக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

சபையின் பொதுக்கூட்டம் மாதாமாதம் நடக்கும். பார்வையாளராக இருப்பது பற்றிச் சபைச் செயலாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாடாளுமன்றப் பொதுமக்கள் கலரிக்கும் படைக்கலச் சேவிதர் திணைக்களம் வழியாக முன் அனுமதி வேண்டும்; அடையாள அட்டை கட்டாயம். பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஒருதரம் போதும். அதற்கு மேல் பயன் தருவது ஹன்சாட் எனப்படும் நாடாளுமன்ற உரைப் பதிவு. நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாய்மூல வினாக்களின் பகுதியை மட்டும் தொடர்ந்து வாசித்தாலே கேள்வி கேட்கும் கலை கைவரும். விகாரமகாதேவிப் பூங்காவை அண்டிய கொழும்புப் பொது நூலகமும் மாநகர சபையின் சொத்துத்தான். இருந்து படிக்க அமைதியான இடம். இளைஞர் பாராளுமன்றம் பேச்சுப் பயிற்சிக்கும் பிற மாவட்டத்து நட்புக்கும் நல்லது. அங்கே எந்த வரவு செலவுத் திட்டத்தையும் நிறைவேற்றும் அதிகாரம் கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காலக் கணக்கு

சபையின் ஆயுள் நான்கு வருடம்; மாநகர சபைக்கு அமைச்சர் மேலும் ஒரு வருடம் நீடிக்கலாம். 2025 ஜூனில் தொடங்கிய இந்தச் சபைக்கு அடுத்த தேர்தல் 2029 பக்கம் வரும் என்று வைத்தால், 1993இன் தொடக்கத்தில் பிறந்தவர் அப்போது 36இல் இருப்பார். பொதுவாகப் போட்டியிடலாம், இளைஞர் ஒதுக்கீட்டில் இடமில்லை. இந்த வழியின் மிகப்பெரிய அநீதியும் இங்கேதான். தேர்தலைத் தள்ளிப்போட்டால் இளைஞர் முதுமையடைந்துவிடுகிறார். 2023 ஜனவரியில் வேட்புமனு கொடுத்து, மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல் பணமில்லை என்று நின்றது. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. பிறகு அந்த வேட்புமனுக்களே இரத்துச் செய்யப்பட்டுப் புதிதாகக் கோரப்பட்டன. 2023இல் 34 வயதில் பெயர் கொடுத்தவர் 2025இல் வரம்பைத் தாண்டிவிட்டார். தேர்தல் தாமதித்தால் வயது வரம்பையும் அந்த அளவுக்கு நீட்ட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி இளைஞர்கள் கேட்க வேண்டும். நடுப்படியான மாகாண சபையும் இல்லை. மேல் மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014இல்.

இவ்வளவு தடையைச் சொல்லியும் போங்கள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த நகரத்தின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட முதல்வர், 1937இல், வைத்தியர் ரத்னசோதி சரவணமுத்து என்ற தமிழர். கொழும்பு சபை நமக்கு அந்நியமான இடமாக ஒருபோதும் இருந்ததில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் பதுளையிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மலையகப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். யாரும் எதிர்பாராத ஆட்கள் போக முடிகிற காலம் இது.

போட்டியிடத் தீர்மானித்தவருக்கு, தேர்தலுக்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் உங்கள் வரவு செலவு அறிக்கையைக் கொடுக்க வேண்டும். வென்றவர் மட்டுமல்ல, தோற்றவரும் கொடுக்க வேண்டும். தோற்ற கவலையில் வீட்டுக்குள் இருந்துவிட்டு, பிறகு பொலிஸ் முறைப்பாடு வந்த பின் ஓடுகிறவர்கள் இளைஞர்கள்தான். முதல் துண்டுப்பிரசுரம் அடித்த நாளிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி, பற்றுச்சீட்டுகளைத் திகதிப்படி அதிலேயே ஒட்டி வாருங்கள். நண்பர் கொடுத்த பெற்றோல், மாமா கொடுத்த ஒலிபெருக்கி, இவையும் நன்கொடைதான். அவற்றையும் பெயரோடு குறித்து வையுங்கள். அறிக்கையை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கையளித்ததும், பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திய பிரதியை வாங்கி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பைலில் போடுங்கள்.